சாய்ந்து நின்ற சவுக்கு

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் தையல் டீச்சராக இருந்தேன். ஊரே பட்டு நெய்துகொண்டிருக்க, அந்த ஊர்ப் பெண்களுக்குக் கைக்குட்டை ஓரம் மடித்துத் தைக்கக் கற்றுக்கொடுப்பதற்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டின் பின்பக்க அறையில் தனியாகக் குடியிருந்தேன். அவர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், என்னிடம் தமிழ். அந்தத் தமிழும் முதல் ஆறு மாதம் எனக்குப் பாதிதான் புரிந்தது.

வீட்டுக்கார அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். நல்லவர், ஆனால் வாய் ஓயாது. சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்ததும் ராட்டையைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து உட்கார்ந்து, தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே கேள்வி கேட்பார். எங்கள் ஊரில் மழை உண்டா, பனங்கள்ளை எல்லோரும் குடிப்பார்களா, எனக்கு ஏன் இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. ஒருநாள் கேட்டார்:

"உங்க சாமிக்கு இன்னா மரம் டீச்சர்மா?"

அந்த ஊரில் அது நியாயமான கேள்வி. அங்கே ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு மரம் உண்டு. பெரிய சிவன் கோயில் மாமரத்தில் நாலு கிளை, நாலு ருசி என்பார்கள். முதலில் மரம் இருந்தது, மரத்தடிக்குச் சாமி வந்தது, சாமியைச் சுற்றி ஊர் வந்தது என்று அக்கா கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி சொல்வார். எனக்கு அன்றைக்குத் தலைவலி. "எங்களுக்கு அதெல்லாம் கிடையாதுக்கா" என்று வெட்டிவிட்டேன்.

"மரம் இல்லாம ஒரு கோயிலா?" என்று நிஜமாகவே பரிதாபப்பட்டார்.

எங்களுக்கும் ஒரு மரம் உண்டு, வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் மட்டும் அது வீட்டுக்குள் நிற்கும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது. வாய்க்கொழுப்பு, சொல்லவில்லை.

அப்பா எங்கள் ஊரின் தையல்காரர். கிறிஸ்துமஸ் என்றால் ஊருக்கெல்லாம் புதுத்துணி, எங்கள் வீட்டில் மட்டும் இருபத்துநாலாம் தேதி மத்தியானம் வரை மிஷின் சத்தம். கடைசிச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைத் தைத்துக் கொடுத்த பிறகுதான் அரிவாளை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குக் கிளம்புவார். நான் பின்னாலேயே ஓடுவேன். அவர் மரம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் சவுக்கு ஊசிகளைக் கணுக்கணுவாகப் பிடுங்கி மறுபடி பொருத்தி, "எங்க பிரிச்சேன், சொல்லுங்க" என்று நீட்டுவேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்ப்பார், வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்.

இந்த மரம் எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்கு ஒரு கதை இருந்தது. வெள்ளைக்காரன் ஊரில் பனிக்காலம் வந்தால் எல்லா மரமும் மொட்டையாகிவிடுமாம். வயலில் பச்சையே இருக்காதாம். ஊசி இலை மரம் ஒன்று மட்டும் பனிக்குள் பச்சையாக நிற்குமாம். அதைப் பார்த்து மனுஷனுக்குத் தெம்பு வந்து, வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டானாம். எங்கள் ஊருக்கு வந்த வெள்ளைக்காரப் பாதிரியின் மனைவிக்கு அந்த மரம் கிடைக்கவில்லை. ஊசி ஊசியாக இருந்தால் போதும் என்று சவுக்கை வைத்தாளாம். "அந்தச் சவுக்கும் நம்ம ஊர் மரம் இல்ல பிள்ள" என்பார் அப்பா. "அதுவும் கப்பலேறி வந்ததுதான். மணலைப் பிடிச்சு நிறுத்த நட்டு வெச்சான்." அவருக்கு இதில் என்னவோ பெரிய சந்தோஷம். எது எங்கிருந்து வந்தால் என்ன, நம் வீட்டில் நிற்கிறது பார் என்பார்.

அதை நிறுத்துவதுதான் வேலை. பழைய மண்பானையில் மரத்தை வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் மணலைப் போட்டு இறுக்க வேண்டும். அம்மாவின் கை அன்றைக்கு முழுவதும் முறுக்குச் சட்டியில்தான். எனக்கு நாலு வயதானதிலிருந்து பிடிக்கிற ஆள் நான். "நேராப் பிடி. உன் பக்கம் சாயுது பாரு" என்று அப்பா கீழேயிருந்து சொல்வார். மூக்கெல்லாம் ஊசி குத்தும். மணல் இறுகி, "விடு" என்று அவர் சொல்லும்போது கையை எடுப்பேன். மரம் தானாக நிற்கும். பிறகு வருஷம் முழுக்க மிஷினுக்கு அடியில் சேர்ந்த வெட்டுத்துணிகளை இரண்டு பேரும் கிளைகளில் கட்டுவோம். சீருடைக் காக்கி, நீலம், யாரோ ஒருத்தியின் கலியாண ரவிக்கைச் சிவப்பு. எங்கள் மரத்தைப் பார்த்தால் அந்த வருஷம் ஊரில் யார் என்ன உடுத்தினார்கள் என்று சொல்லிவிடலாம்.

காஞ்சிபுரத்தில் என் முதல் கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. ரயிலும் பஸ்ஸுமாக ஒரு ராத்திரியும் அரைப் பகலும் ஆகும் என்று எழுதினேன். அது பாதி நிஜம். கூட வேலை பார்த்த டீச்சர்கள் இருபத்துநாலாம் தேதி மகாபலிபுரம் போனார்கள், நானும் போனேன். கல் யானைக்குப் பக்கத்தில் ஆறு பேரும் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவுக்குச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டிவைத்திருந்தேன். என் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் சந்தோஷம் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் அப்பாவின் இன்லண்டு லெட்டர் வந்தது. எல்லோரும் சுகம், உன் அம்மா உனக்கென்று முறுக்கு எடுத்துவைத்திருக்கிறாள் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: "மரம் வைத்தேன். பிடிக்க ஆள் இல்லாததால் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. பரவாயில்லை."

நான் பதில் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று ஆறு மாதம் போயிற்று. ஜூன் மாதம் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கல்லறையில் மண் காய்ந்துகொண்டிருந்தது. மிஷினுக்கு அடியில் இருந்த வெட்டுத்துணிப் பையை யாரிடமும் சொல்லாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

பிள்ளையார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது காலை நேரம். தெருவில் எங்கள் வீட்டுக்காரர் புதுப் பாவு நீட்டிக்கொண்டிருந்தார். தெருவின் நீளத்துக்கு ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை இழுத்துக் கட்டிக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே யாரும் தும்மக்கூட மாட்டார்கள். அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அப்பாக்கு ஒடம்பு எப்படி இருக்குதும்மா?"

ஊருக்குப் போகும்போது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பாவுக்கு முன்னால் நின்று எப்படிச் சாவைச் சொல்வது? "தேவலை" என்றேன்.

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அக்கா அப்பாவுக்காக வேண்டிக்கொண்டு, கோயில் குங்குமத்தைப் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? வாரம் ஒருதரம் கேட்பார். "அப்பா எப்படிக்கிறாரு?" "தேவலைக்கா." "நடக்கிறாரா?" "நடக்கிறாங்க." ஆடியில் அப்பா கஞ்சி குடித்தார். ஐப்பசியில் மிஷின் மிதிக்க ஆரம்பித்தார். பொய் சொல்கிறோம் என்று முதலில் உறுத்தியது, பிறகு உறுத்தவில்லை. உலகத்தில் அந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் அப்பா உயிரோடு இருந்தார். அந்தக் கேள்விக்காக நான் காத்திருக்கவும் தொடங்கியிருந்தேன்.

டிசம்பரில் அம்மா எழுதினாள். துக்க வருஷம், அதனால் நட்சத்திரம் கட்டுவதில்லை, மரம் வைப்பதில்லை, பலகாரம் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், நீ லீவுக்கு அங்கே வந்தால் வா. மாமா வீட்டில் போய் மூலையில் உட்கார எனக்கு மனமில்லை. அதைவிட, அப்பாவின் மரம் இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸ் போகக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது. போன வருஷம் நான் பிடிக்கவில்லை. இந்த வருஷம் ஒரே ஒரு தரம் அதை நேராக நிறுத்திவிட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

தெருமுனை விறகுத் தொட்டிக்குப் போனேன். அங்கே விறகுக் கடையை அப்படித்தான் சொல்வார்கள். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் வளர்ந்த சவுக்கு அங்கே வண்டி வண்டியாக வந்து இறங்கும்.

"ஒரு சவுக்கு வேணும். ஏழடி. நேரா இருக்கணும், பச்சையா இருக்கணும், தலையை வெட்டிடக் கூடாது."

தொட்டிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா டீச்சரம்மா, விசேஷமா?"

"ஆமா. விசேஷந்தான்."

"சொல்லவேயில்ல பாரு! நீ போ, நா அனுப்பிச்சி வெக்கிறேன்."

இருபத்துநாலாம் தேதி பிற்பகல் கைவண்டியில் மரம் வந்தது. தெருவே பார்க்க, தொட்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். கீழே முக்கால்வாசிக் கிளைகளை வழவழவென்று சீவியிருந்தார். உச்சியில் மட்டும் ஒரு கொத்து ஊசி. அடியில் ஒரு முழத்துக்கு மஞ்சள் பூசியிருந்தது. "உனுக்கு எதுக்கு சிரமம்னு நானே சீவிட்டேன்" என்றார். இந்த ஊரில் துடைப்பக்கட்டைக்குக்கூட மஞ்சள் பூசுவார்கள் என்று மனதுக்குள் எரிச்சல்பட்டுக்கொண்டேன். அவர் பூசியது எதற்கென்று யோசிக்கவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினேன். தகர வாளியில் மரத்தை வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் மணலை அள்ளிப் போட்டேன். பாதி நிரம்பியதும் கையை எடுத்தால் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பாரம் முழுக்கத் தலையில், அடியில் மொட்டைக்கம்பு, எப்படி நிற்கும்? முழங்காலால் அணைத்துப் பார்த்தேன். தோளில் சாய்த்துக்கொண்டு மணல் போட்டுப் பார்த்தேன். சுவரில் சாத்திவைத்திருக்கலாம். ஆனால் சாத்திவைத்தது நிற்பது ஆகாது. மூன்றாவது தரமும் சாய்ந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் செய்கிற வேலை அது. அந்த ஊரில் ஒன்றரை வருஷம் இருந்திருக்கிறேன், ஒரு மரத்தைப் பிடிக்கக் கூப்பிட எனக்கு ஒரு ஆள் இல்லை.

கதவு தட்டப்பட்டது. அக்கா. பின்னால் தெருப் பெண்கள் நாலு பேர். எல்லோரும் குளித்து, பூ வைத்து, பட்டுப்புடவை உடுத்தியிருந்தார்கள். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், ஒரு தம்ளர் பால், ஊறவைத்த தானியம்.

"ஏம்மா, எங்கையில ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நாங்க இன்னா அசலாரா?" அக்காவின் குரலில் கோபமும் சந்தோஷமும் சமமாக இருந்தன. "மார்கழியில யாருனா பந்தக்கால் நடுவாங்களான்னு கேட்டேன். அவங்க ஆளுங்களுக்கு ஏது மார்கழின்னு எங்க வூட்டுக்காரருதான் சொன்னாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழடி, நேராக, பச்சையாக, தலை வெட்டாமல், விசேஷத்துக்கு. கலியாணத்துக்கு நடுகிற பந்தக்காலைத்தான் நான் வாங்கிவந்திருக்கிறேன். தெரு முழுக்க எனக்குக் கலியாணம் என்று முடிவுகட்டிவிட்டது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருத்தி, "வூட்டுக்குள்ளயே நடுவீங்களா? சரி சரி" என்று சொல்லிக்கொண்டே மரத்தைத் தூக்கி நிறுத்தினாள். ஐந்து பேரும் பிடித்துக்கொண்டார்கள். பத்துக் கை. மரம் நேராக நின்றது, நூல் பிடித்ததுபோல நேராக.

"மண்ணு போடும்மா, இன்னா பாக்கற?"

நான் குனிந்து மணலை அள்ளினேன். சொல்லவில்லை. இன்னும் நாலு கை மணல் போட்டுவிட்டால் மரம் தானாக நின்றுவிடும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என்னைப் பற்றி நான் வெட்கப்படுகிற விஷயங்களில் இதுவும் ஒன்று. அவர்கள் மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறொன்றை மரத்தில் கட்டினார்கள். பாலை ஊற்றினார்கள், தானியத்தைத் தூவினார்கள். ஒருத்தி ஏதோ தெலுங்கில் பாட ஆரம்பித்தாள். முக்கால் வாளி நிரம்பிவிட்டது.

"பொண்ணப் பெத்தவரு இல்லாம பந்தக்காலா?" என்றாள் இன்னொருத்தி. "அப்பா எப்போ வந்து எறங்குறாரு?"

"அவருக்குத்தான் ஒடம்பு தேவலையாயிடுச்சே" என்று எனக்காக அக்கா பதில் சொன்னார். "வந்துக்கினு இருப்பாரு. இல்ல டீச்சர்மா?"

என் கையில் மணல் இருந்தது. ஆறு மாதமாக அந்தக் கேள்விக்கு வாயில் தயாராக இருந்த பதில் அன்றைக்கு வரவில்லை.

"வரமாட்டாங்கக்கா" என்றேன். "ஆனி மாசமே இறந்துட்டாங்க. இது பந்தக்கால் இல்ல. இது எங்கப்பாவோட மரம்."

பத்துக் கையும் ஒன்றாக விலகின. யாரும் யோசித்து எடுக்கவில்லை, சூட்டில் பட்டால் எடுப்பதுபோல எடுத்துவிட்டார்கள். மரம் ஒரு நொடி நின்றது, பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. ஒருத்தி அவசரமாக மஞ்சள் கயிற்றை அவிழ்த்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தெலுங்கில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். அதில் எனக்குப் புரிந்தது "பாபம்" என்ற ஒரே சொல்தான். அது என் அப்பாவுக்கா, எனக்கா, தங்களுக்கா என்று தெரியவில்லை.

அக்கா கடைசியாகப் போனார். வாசலில் நின்று, "தேவலைன்னியேம்மா" என்றார். அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சுமங்கலிகள், பட்டு உடுத்திச் சாவு வீட்டுக் கம்பைத் தொட்டிருக்கிறார்கள். ஊற்றிக்கொள்ளத்தான் வேண்டும். புத்திக்கு அது புரிந்தது. ஆனால் ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் எனக்கு உடம்பு குறுகியது. அப்பா அந்த வாசலிலும் இறந்துவிட்டார். ஜூன் மாதம் அழாததையெல்லாம் அன்றைக்கு அழுதேன்.

அழுது முடித்து, வேறு வேலை இல்லாததால், வெட்டுத்துணிப் பையை அவிழ்த்தேன். உச்சிக்கொத்தில்தான் கட்ட இடம். காக்கி, நீலம், ஒரு துண்டு மஞ்சள் சீட்டித்துணி. கட்டிவிட்டு எட்ட வந்து பார்த்தேன். சாய்ந்த மரம், அதில் அப்பாவின் துணி, தனியாக ஒரு ஆள். போன வருஷம் இதே சாயங்காலம் அப்பா பார்த்தது இதைத்தான். பரவாயில்லை என்று எழுதினாரே, அது நிஜம் இல்லை. நன்றாகவே வலித்திருக்கும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்கா மறுபடி வந்தார். ஈரத்தலையில் துண்டு. கையில் வாழை இலை மூடிய தட்டு. வடையும் அதிரசமும்.

"துக்க வூட்ல மொதோ பண்டிகைக்கு எண்ணெ சட்டி வெக்கக்கூடாது. ஒறவுமொறதான் சுட்டுக் குடுக்கணும்" என்றார். "உனுக்கு இங்க யாரு இருக்கா?"

தட்டை வைத்துவிட்டு மரத்தைப் பார்த்தார். நெசவுக்காரக் கண், கோணல் பொறுக்கவில்லை. "நா புடிச்சிக்கிறேன். நீ மண்ண இறுக்கு."

"வேணாம்கா. இப்படியே நிக்கட்டும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். அப்பாவின் கடிதத்தில் இருந்த அந்த வரியைச் சொன்னேன். நான் பதில் எழுதாததையும் சொன்னேன். அக்கா வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். தறியிலிருந்து கழிவுப் பட்டு இழைகளை ஒரு கை அளவு கொண்டுவந்தார். தொடையில் வைத்து முறுக்கிக் கயிறாக்கினார். ஒரு முனையை மரத்தின் கழுத்தில் கட்டி, மறுமுனையைக் கட்ட எதிர்ச் சுவரில் இடம் தேடினார். இருந்தது ஒரே ஆணி. அதில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"சாஞ்சிக்கினே இருக்கட்டும்" என்றார், முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே. "வுழாம இருந்தா போதும், இல்ல?"

அவர் போன பிறகும் போட்டோ என் கையிலேயே இருந்தது. கல் யானை, ஆறு டீச்சர்கள், எல்லோருக்கும் சிரிப்பு. இடது ஓரத்தில் நான். யானையின் துதிக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இரண்டு கையாலும்.